நன்றிச் சுவரில் ஒரு தாலி

அக்டோபர் 3, வெள்ளி

ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டேன். சென்னை, தோகா, ரோமாபுரி என்று இடம் மாறி மாறி உட்கார்ந்து வந்ததில் கால் இரண்டும் வீங்கிவிட்டன. ரோமிலிருந்து ரயிலில் காஸ்தெல்வெர்னோ. மலைமேல் ஒரு சின்ன ஊர். ஸ்டேஷனுக்கு என் மகள் கிளாடிஸ் மட்டும் வந்திருந்தாள். கல்யாணமாகிப் போனபிறகு இப்போதுதான் அவளை நேரில் பார்க்கிறேன். இந்த ஊர் பெயரையே டிக்கெட் அனுப்பும்போதுதான் எனக்குச் சொன்னாள். கன்னமெல்லாம் வற்றிப்போய்க் கிடக்கிறாள்.

மாப்பிள்ளை டெரன்ஸ் ஜெனோவா துறைமுகத்தில் வேலையாக இருக்கிறாராம். "நீ வந்திருக்கிறத அவர்ட்ட சொல்லாதம்மா. லீவு கிடைக்கலையேன்னு கிடந்து தவிப்பாரு" என்றாள். சரி என்றேன். மனசு கேட்கவில்லைதான். அவள் அப்பா இறந்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் போன் பண்ணி "அத்தே, சாப்பிட்டீங்களா" என்று கேட்கிற மனுஷன் அவர். ஒரே பெண்ணைப் பெற்ற எனக்கு ஆண்பிள்ளை இல்லாத குறை அவரால்தான் தீர்ந்தது.

வீடு என்பது ஒரே அறை. அதற்குள்ளேயே அடுப்பு. கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். கள்ளர் பயமா என்று கேட்டேன். "பழைய கதவும்மா, காத்துக்கு ஆடும்" என்றாள். குளியலறையில் ஒரே ஒரு பிரஷ். ஆண்பிள்ளைத் துணி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் துறைமுகத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார். சுத்தபத்தமான ஆள்.

இவளுக்குத்தான் வெளிநாட்டுத் திமிர் ஏறியிருக்கிறது. இடது பக்கம் நின்று இரண்டு தடவை கூப்பிட்டேன், திரும்பியே பார்க்கவில்லை. முன்னால் போய் நின்றதும் "என்னம்மா" என்கிறாள். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

மாப்பிள்ளைக்கென்று தனி டப்பாவில் கொண்டுவந்த மக்ரூனைக் காலையில் பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கொடுத்துவிட்டாள். கேட்டால் "நமத்துப் போயிரும்மா" என்கிறாள். தூத்துக்குடி மக்ரூன் ஒரு வாரத்தில் நமத்துப்போகும் என்று எனக்கே பாடம் நடத்துகிறாள்.

அவள் வேலை செய்வது கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில். இல்லமும் இந்த ஊர்ப் பேராலயமும் ஒரே முற்றத்தில் இருக்கின்றன. என்னைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். உள்ளே நுழைந்தால் டிக்கெட் கேட்கிறார்கள். கோயிலுக்கு டிக்கெட் என்பதை நான் இந்த வயதில்தான் கேள்விப்படுகிறேன். நல்லவேளையாக அங்கே ஒரு கன்னியர், நம்ம ஊர் முகம். குளச்சல் பக்கமாம், பெயர் ஹெர்மின். "வாங்கக்கா, கிளாடிசுக்க அம்மதானே" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

கோயிலைப் பற்றி என்ன எழுத. தூண் ஒவ்வொன்றும் கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாய் நிற்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. மேற்குச் சுவர் முழுக்க நடுத்தீர்வை நாள் படம். நரகத்தில் ஒரு பெரிய பேய், ஆட்களை அப்படியே கடித்துத் தின்றுகொண்டிருக்கிறது. அதன் வாயில் தலைகீழாகத் தொங்குகிறவர் தலையில் பிஷப் போடுகிற ஆயர் தொப்பி. ஆயரையே நரகத்தில் போட்டு, அதையும் கோயிலுக்குள்ளேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் வரைந்திருந்தால் வரைந்தவனை மறுநாளே ஊர்விலக்கம் செய்திருப்பார்கள். வாயில் கைவைத்தபடி நின்றேன். சிஸ்டர் சிரிக்கிறார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பீடத்துக்குப் பின்னால் இருந்தது. இந்தக் கோயிலின் புனிதை செவெரா, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிக் கன்னி. கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் மண்டையோடு, அதற்கு ஒரு பொற்கிரீடம். பக்கத்தில் வெள்ளியில் செய்த கை. அதன் மணிக்கட்டில் சின்னக் கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்குள் எலும்பு. கும்பிடுவதா ஓடுவதா என்று தெரியவில்லை. "பேடிக்காதீங்கக்கா, அருளிக்கந்தான், புனிதைக்க எலும்பு" என்றார் சிஸ்டர்.

"கையை எதுக்கு வெட்டினாங்க?"

"பார்த்து வச்ச ஆளைக் கெட்டமாட்டேன்னு சொன்னா. அதுக்குத்தான்."

இதற்கெல்லாமா வெட்டுவார்கள் என்று எனக்கு ஆறவே இல்லை. கண்ணாடியைத் தொட்டு விரலை முத்தி செய்துவிட்டு வந்தேன். வந்து கிளாடிஸிடம் சொன்னால், "பழைய காலம்னு நினைக்கிறியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசைக்குப் போனோம். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எங்கே எழும்ப, எங்கே முழங்கால் போட என்பது தெரிந்ததுதானே.

மத்தியானம் கிளாடிஸ் வேலைக்குப் போனபிறகு மாப்பிள்ளை போன் பண்ணினார். நான் தூத்துக்குடியில் இருப்பதாகவே நினைத்துப் பேசினார். "ஊருல மழையா அத்தே? கிளாடிஸ் பேசினாளா? என்ன சொன்னா?" எப்போதும் இதே கேள்விதான். பொண்டாட்டி என்ன சொன்னாள் என்று மாமியாரிடம் கேட்கிற அளவுக்குப் பிரியம். மழை இல்லை என்று சொன்னேன், அது பொய்யில்லை. எனக்குத்தான் நெஞ்சு குறுகுறுத்தது.

அக்டோபர் 6, திங்கள்



இன்று தனியாகவே கோயிலுக்குப் போனேன். செவெரா பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறது. அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. அதன் சுவர் முழுக்கக் காணிக்கைகள். வெள்ளி இருதயம், வெள்ளிக் கால், குழந்தை உருவம், கட்டைக்கால், தலைக்கவசம், கப்பல் மூழ்குகிற படம். வேளாங்கண்ணியில் இருக்கிற மாதிரியேதான். சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆசையாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு வெள்ளி இருதயத்துக்கு நடுவில் ஒரு தாலி தொங்குகிறது.

யாரோ நம்ம ஊர்ப் பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். புறா, அதன் கீழே இருதயம், இரண்டு பக்கமும் முத்து. வலது முத்தில் லேசாக மஞ்சள் ஓடியிருக்கிறது. என் தோட்டிலிருந்து கழற்றி நானே ஆசாரியிடம் கொடுத்துப் பதிக்கச் சொன்ன முத்து அது. என் மகள் தாலி. உட்கார இடம் தேடினேன், கிடைக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தி வேலை செய்தது. அவள் அப்பா மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் பனிமய மாதாவிடம் தாலியை நேர்ந்துகொண்டேன். அந்தத் தடவை பிழைத்து எழுந்தார். தாலியைக் கழற்றி உண்டியலில் போட்டுவிட்டு வெறும் கயிற்றோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆக, மாப்பிள்ளை எப்போதோ உயிருக்குப் போராடியிருக்கிறார். இவள் தாலியை நேர்ந்து அவரை மீட்டிருக்கிறாள். நான் பயப்படுவேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறார்கள். துறைமுகம், லீவு இல்லை என்பதெல்லாம்கூட வைத்தியத்துக்காக இருக்கலாம்.

திமிர் பிடித்தவள் என்று எழுதினேனே. மகளை நினைத்து வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள்.

சந்தோஷம் தாங்காமல் தாலியைப் போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். 'உங்க உயிருக்காக என் மக போட்டது. நான் இங்கதான் இருக்கேன் மாப்ள, நேர்ல பார்த்தேன்' என்று எழுதினேன். சொல்லாதே என்று கிளாடிஸ் சொன்னது நினைவிருந்தது. இப்படி ஒரு விஷயத்தைப் பார்த்தபிறகு எந்தத் தாயால் சும்மா இருக்க முடியும்.

உடனே பதில் வந்தது. கும்பிடுகிற கை, ஒரு இருதயம். 'எந்த ஊர்க் கோயில் அத்தே? நானும் வந்து கும்பிடணும்.'

மனைவி இருக்கும் ஊர்க் கோயில் அவருக்குத் தெரியாதா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. துறைமுகமே கதியென்று கிடக்கிறவருக்குக் கோயில் எங்கே தெரியும். ஊர் பெயரையும் கோயில் பெயரையும் எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு பதில் இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருப்பார்.

அக்டோபர் 7, செவ்வாய், ஜெபமாலை மாதா திருநாள்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

காலையில் சிஸ்டர் ஹெர்மினைப் பார்த்து, "என் மக மாப்பிள்ளைக்காக நேர்ந்துகிட்ட தாலியைப் பார்த்தேன் சிஸ்டர்" என்றேன். அவர் முகம் என்னவோ போல ஆனது.

"இந்தச் செவுத்துல வேண்டுதலுக்கு ஒண்ணும் மாட்ட விடமாட்டாவக்கா. வரம் கிடைச்ச பொறவு நன்றிக்குத்தான்."

"அதைத்தான் சொல்லுதேன். அவருக்குச் சுகம் கிடைச்சிட்டுல்லா."

"யாருக்கு?"

"டெரன்ஸுக்கு."

சிஸ்டர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நான் சொல்லப்பிடாது. நீங்க கிளாடிஸ்ட்ட கேளுங்க. இன்னைக்கே கேளுங்க."

சாயங்காலம் அவள் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். "ஏளா, டெரன்ஸுக்கு என்ன சீக்கு?" என்று கேட்டேன். திரும்பவில்லை. வலது பக்கம் போய் நின்று கேட்டேன்.

"அவனுக்கு என்ன, நல்லாத்தான் இருப்பான்."

அவன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "கோயில்ல உன் தாலியைப் பார்த்தேன்" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். "அது அவன் உயிருக்கு இல்லைம்மா. அவன்கிட்ட இருந்து என் உயிரு தப்பிச்சதுக்கு."

அதன்பிறகு அவள் சொன்னதை எல்லாம் எழுத என்னால் முடியாது. முதல் வருஷத்திலேயே தொடங்கியிருக்கிறது. இடது காதில் ஜவ்வு கிழிந்துவிட்டது, அந்தக் காது கேட்காது. கழுத்தை நெரித்திருக்கிறான். கோர்ட்டில் சொல்லி, அவன் இவள் பக்கமே வரக்கூடாது என்று தடை வாங்கியிருக்கிறாள். அப்படியும் இரண்டு ஊரில் தேடி வந்திருக்கிறான். ஊர் ஊராக மாறி, கடைசியில் சிஸ்டர்கள் அடைக்கலம் கொடுத்த இடம் இது. இங்கே வந்து சேர்ந்த அன்றுதான் தாலியைக் கழற்றிச் சுவரில் மாட்டினாளாம்.

"என்ட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஆனா நீ அவன்கூட அரைமணி நேரம் சிரிச்சுப் பேசுத. அவன் போன் வந்தாத்தான் நீ ஒழுங்காச் சாப்பிடுத. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரலைம்மா." பிறகு என் முழங்காலைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாத. இந்த ஊரு அவனுக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. போனை எடுத்து அவளிடம் நீட்டினேன். போட்டோவைப் பார்த்தாள், அவன் கேள்வியைப் பார்த்தாள், நான் எழுதிய பதிலைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், அடிக்கக்கூட வருவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து போய் மூன்று தாழ்ப்பாளையும் சரிபார்த்துவிட்டு வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். துணி, பாஸ்போர்ட், மருந்து எல்லாம் அதில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தது.

பெற்ற தாயே பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாள் என்று கேட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அக்டோபர் 8, புதன்

எழுத ஓடவில்லை. பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

அக்டோபர் 9, வியாழன்

கிளாடிஸ் போகவில்லை. இனி ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இல்லத்துக்குள்ளேயே ஓர் அறையில் எங்கள் இரண்டு பேரையும் சிஸ்டர்கள் தங்க வைத்திருக்கிறார்கள். போலீஸ் நிலையத்துக்குப் போனோம். சிஸ்டர் ஹெர்மின் மொழிபெயர்த்தார். விசாரித்தது ஒரு பெண் அதிகாரி, நரைத்த தலை. இல்லமும் கோயிலும் ஒரே முற்றம் என்பதால், கோயில் படி ஏறினாலே அவன் தடையை மீறியவன் ஆவான், கைது செய்யலாம் என்றார். ஆனால் என்றைக்கு, எந்த நேரத்தில் வருவான் என்று தெரியாமல் எத்தனை நாள் காவல் நிற்பது.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே என் போனில் அவன். 'அத்தே, கிளாடிசுக்கும் எனக்கும் சின்ன மனஸ்தாபம். யாரோ அவ மனசைக் கெடுத்துட்டாங்க. நீங்கதான் சேத்து வைக்கணும்.'

இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவன் தேடியது இந்த ஊர் பெயரைத்தான். என்மேல் பாசம் என்று நான் நினைத்து உருகியதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நம்ம ஊரில் எந்த மாமியாரும் இதற்கு என்ன பதில் சொல்வாளோ அதைத்தான் அவன் என்னிடம் எதிர்பார்க்கிறான். அடித்தாலும் புருஷன், ஒரு தடவை பேசிப் பாரு மக்கா என்று பெண்ணைத் திருப்பி அனுப்புகிற பதில். எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் அது நடந்திருக்கிறது.

சிஸ்டரிடம் சொல்லி, அந்தப் போலீஸ் அம்மாவிடம் கேட்டுவிட்டு, அவனுக்கு எழுதினேன். 'குடும்பம்னா ஆயிரம் இருக்கும் மாப்ள. சனிக்கிழமை காலைல கோயிலுக்கு வாங்க. நான் பேசி வைக்கிறேன்.'

ஒரு துளி சந்தேகப்படவில்லை. 'நீங்க தெய்வம் அத்தே' என்று எழுதியிருக்கிறான்.

கிளாடிஸ் அதைப் படித்துவிட்டு, "பயமா இல்லையாம்மா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

உபவாசம் இருந்தேன். நேர்ச்சைக்காக இல்லை, சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 11, சனி

காலைப் பூசை முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு, காணிக்கை அறை வாசலில் நின்றேன். கடைசி பெஞ்சில் அந்தப் போலீஸ் அம்மா சாதாரண உடையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மணியைப் பிடித்திருந்த விதத்திலேயே ஜெபம் சொல்லுகிறவள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இன்னொருவர் தூணருகே நரகத்துப் பேயைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். முடிந்தால் அவன் வாயாலேயே இரண்டு வார்த்தை வரவழையுங்கள், உங்கள் போனில் பதிவாகட்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

வந்தான். பூங்கொத்து வைத்திருந்தான். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை. குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இளைச்சிட்டீங்களே அத்தே" என்றான். எனக்கு எது அதிர்ச்சி என்றால், இவ்வளவும் தெரிந்தபிறகும் அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு கணம் என் மனசு குளிர்ந்தது. அதை நினைத்து இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"அவ எங்க?"

"வருவா. முதல்ல என்ட்ட சொல்லுங்க மாப்ள. அடிச்சீங்களாமே?"

"அவளுக்கு வாய் ஜாஸ்தி அத்தே, உங்களுக்குத் தெரியாததா. ஆம்பளை கோவத்துல ஒரு அறை விடுறதுதான். அதுக்குக் கோர்ட்டுக்குப் போவாங்களா? வெள்ளைக்காரங்களுக்கு நம்ம குடும்பம் பத்தி என்ன தெரியும்."

"காது போச்சாமே."

"ஒரு காதுதானே" என்றான்.

அப்படியேதான் சொன்னான். சிரித்த முகத்தோடு, சமாதானம் சொல்கிற குரலில். பிறகு சுவரைப் பார்த்தான். தாலியைக் கண்டுபிடித்துவிட்டான். "எடுத்துக் கொடுங்க அத்தே. இன்னைக்கே கட்டிடுறேன், எல்லாம் சரியாயிரும்."

"அது நன்றிக்குப் போட்டது. எடுக்கக்கூடாது" என்றேன்.

அவன் சிரிப்பு மாறவேயில்லை. என் கையை ஆசையாகப் பிடிக்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்தான். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு மாமியாரும் மருமகனும் கைகோத்துப் பேசுவது போலத்தான் இருந்திருக்கும். "எடுங்கன்னேன்" என்றான். திருகினான். எலும்பு நெரிவது எனக்கே கேட்டது. கத்த வேண்டும் என்று தோன்றியும் சத்தம் வரவில்லை. கோயிலுக்குள் கத்தக்கூடாது, ஆட்கள் பார்க்கிறார்கள், அந்த நேரத்திலும் இப்படித்தான் என் புத்தி போனது. என் மகள் எத்தனை தடவை இப்படிச் சத்தம் வராமல் நின்றிருப்பாள்.

அதற்குள் அந்த அம்மா எழுந்து வந்துவிட்டார். இரண்டு பேருமாக அவன் கையை என் கையிலிருந்து பிரித்து எடுத்தார்கள். கூட்டிப்போகும்போது திரும்பி, "அத்தே, நீங்களா?" என்று கேட்டான். அவனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். கிளாடிஸ் புகார் கொடுத்தது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. நான் அவள் பக்கம் நின்றதைத்தான் அவனால் நம்ப முடியவில்லை.

"நான்தான்" என்றேன். அதற்குத்தான் சத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, தசை கிழிந்திருக்கிறது. இல்லத்துக்கு வந்ததும் கிளாடிஸ் என்னைக் கட்டிலில் உட்கார வைத்தாள். துணியில் பனிக்கட்டி சுற்றி வைத்தாள். கட்டு போட்டாள், விரல் மரத்துப் போகாமல், அவிழாமல். ஒரு கையாலேயே சுற்றிப் பல்லால் முடிச்சை இறுக்கினாள். ஒற்றைக் கையால் கட்டு போட எங்கே படித்தாள் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

"நாளைக்கு நீலமாகும்மா. பொறவு பச்சை, பொறவு மஞ்சள். மஞ்சளானா ஆறிட்டுன்னு அர்த்தம். பயப்படாத" என்றாள். காய்ச்சலுக்கு மாத்திரை சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடிக்கும்வரை அசையாமல் இருந்தாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்துவந்தாள். "நாளைக்குப் பூசைக்கு இதைப் போட்டுக்கோ. முழுக்கை. யாருக்கும் தெரியாது."

வேண்டாம் என்றேன். என் அரைக்கை ரவிக்கையை எடுத்து இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறேன். இப்போது தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.